பூனை இருக்கும் வீட்டுக்கு அலர்ஜி உள்ள விருந்தாளி வந்தால்

நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்த என் சித்தியின் மகள், யாழ்ப்பாணம் போகுமுன் இரண்டு இரவு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் தங்குவதாக இருந்தது. தனக்குப் பூனை அலர்ஜி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அன்று காலையே எங்கள் மினுவைக் கூடையில் வைத்துக் கீழ்மாடி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மத்தியானம் வீடு முழுவதையும் தும்புத்தடியால் கூட்டினேன். பூனை வாடை இருக்கக்கூடாதென்று சாம்பிராணியும் போட்டேன். மாலை ஏழு மணிக்கு வந்தவள் நன்றாகத்தான் இருந்தாள். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். பத்தரை வரை இருந்து கதைத்தோம். இரவு இரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. ஒவ்வொரு மூச்சை விடும்போதும் மெல்லிய விசில் போல ஒரு சத்தம்.

"அக்கா, பூனையை அனுப்பீட்டன் எண்டுதானே சொன்னனீங்கள்?"

அனுப்பியது உண்மை. அவளுக்கு மூச்சு இழுத்ததும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடக்க முடியும் என்று விளங்கிக்கொண்டால், செல்லப்பிராணி அலர்ஜி என்ற விஷயத்தில் பாதி விளங்கிவிடும். அன்று அவளிடம் மூச்சுக்கு இழுக்கும் மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) இருந்தது, அதனால் அரை மணித்தியாலத்தில் மூச்சு சீரானது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வாசித்தும் வைத்தியரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முடியில் இல்லை விஷயம்

பூனை முடிதான் அலர்ஜி தருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பிரச்சினை தருவது ஒரு புரதம். பூனைகளில் அதில் முக்கியமானதற்கு ஃபெல் டி 1 என்று பெயர். அது பூனையின் எச்சிலிலும் தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளிலும் உருவாகிறது. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது அல்லவா? அந்த எச்சில் முடியில் காய்ந்து, தோல் செதிலோடு சேர்ந்து பொடியாக உதிர்கிறது. முடி அதைச் சுமந்து போகும் வண்டி மட்டும்தான். ஆகவே பூனையை மொட்டையடித்தாலும் புரதம் உருவாவது நிற்காது.

காலையில் யன்னல் வழியாக வெயில் சரிந்து விழும்போது அந்த ஒளிக்கீற்றுக்குள் தூசு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசு பெரியது, கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும். பூனைப் புரதத்தில் ஒரு பகுதி 5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்களில் ஒட்டியிருக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது மணிக்கணக்காகக் காற்றில் நிற்கும். மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரைக்கும் போகும். அதோடு அது நன்றாக ஒட்டும் தன்மை உள்ளது. துணி, சுவர், மெத்தை என்று படும் இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்ளும். பூனை வளர்ப்பவர்களின் உடுப்பில் ஏறி, பூனையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும்கூடப் போகிறது.

பூனையை நிரந்தரமாக வேறு வீட்டுக்கு அனுப்பினாலும், அந்த வீட்டில் இந்தப் புரதத்தின் அளவு பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்க 4 முதல் 6 மாதம் வரை ஆகலாம். நான் மினுவை அனுப்பியதோ பத்து மணித்தியாலத்துக்கு முன். பூனைக்குத்தான் வீணான அலைச்சல்.

நாய்களிலும் இதே கதைதான், புரதங்கள்தான் வேறு. கேன் எஃப் 1 என்று தொடங்கிப் பல உண்டு. அதில் கேன் எஃப் 5 என்பது ஆண் நாயின் புரஸ்டேட் சுரப்பியில் உருவாவது. அது ஒன்றுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் பெண் நாயோடு சிரமமில்லாமல் இருக்கக்கூடும். பூடில் போன்ற முடி கொட்டாத இனங்கள் அலர்ஜி தராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லி விற்கப்படும் நாய்கள் உள்ள வீடுகளின் தூசை எடுத்து அளந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மற்ற நாய்கள் உள்ள வீடுகளிலிருந்து பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. முயல், வெள்ளெலி போன்றவற்றில் சிறுநீரிலும் எச்சிலிலும் புரதம் இருக்கும். விருந்தாளி வீட்டில் இருக்கும்போது அவற்றின் கூட்டைக் கழுவாமல் இருந்தால் நல்லது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நோயெதிர்ப்புத் தொகுதி நம் உடம்பின் காவல்காரன். கிருமி வந்தால் அடையாளம் கண்டு விரட்டுவது அதன் வேலை. சிலருடைய உடம்பில் அது பூனைப் புரதத்தையும் எதிரியென்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. அதற்கென்று ஐஜிஈ என்ற வகைப் பிறபொருளெதிரியைத் தயாரித்து, மூக்கு, கண், சுவாசக்குழாய் ஓரங்களில் உள்ள மாஸ்ட் கலங்களின் மேல் பொருத்தி வைக்கிறது. இந்த ஆயத்தம் நடக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வரும்போது மாஸ்ட் கலம் உடைத்துக்கொண்டு ஹிஸ்டமினையும் வேறு சில பொருட்களையும் கொட்டுகிறது. தும்மல், மூக்கு ஒழுகல், கண் கடி, தோல் தடிப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாம் அதன் விளைவு. பார்ப்பதற்குத் தடிமன் போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் வராது.

இது இரண்டு கட்டமாக நடக்கலாம் என்பதை விருந்து வைப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் கட்டம் சில நிமிடங்களில் வரும். இரண்டாவது கட்டம் 4 முதல் 8 மணித்தியாலம் கழித்து வரும், அது பெரும்பாலும் நெஞ்சைத்தான் பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் சிரித்துப் பேசியவர் நடுச்சாமத்தில் மூச்சுக்குத் திணறுவது இதனால்தான். "சாப்பிடேக்க நல்லாத்தானே இருந்தவ" என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

சித்தி அன்று தொலைபேசியில் சொன்னது வேறு: "சின்னனில உங்கட வீட்டுப் பூனையளோட பாயில படுத்தவள், இப்ப என்ன புதுசா?" இதுவும் விளங்கக்கூடிய விஷயம். பூனையோடு தினமும் வாழும் சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தைச் சகித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. விட்டு விலகி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தால் அந்தப் பழக்கம் கழன்றுபோகலாம். அமெரிக்காவில் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போன பிள்ளைகள், நவம்பர் மாத நன்றி நவிலல் விடுமுறைக்கு வீடு திரும்பியதும் தங்கள் சொந்தப் பூனையாலேயே அவதிப்படுவதை மருத்துவர்கள் கவனித்து, அந்த விடுமுறையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கனடாவிலும் லண்டனிலும் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஓகஸ்டிலும் டிசம்பரிலும் கொழும்புக்கு வந்து இறங்கும் நம் உறவுகளுக்கு இது அப்படியே பொருந்தும். வெளிநாட்டுக்குப் போனதும் பவிசு வந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். அது அவர்கள் கையில் இல்லை.

ஓர் அறை போதும், ஆனால் முழுதாக

வீடு முழுவதையும் பூனை வாழாத வீடுபோல ஆக்க முடியாது. முயன்றால் களைத்துப்போவீர்கள், பலனும் கிடைக்காது. விருந்தாளி எட்டு மணித்தியாலம் தூங்கும் ஓர் அறையை மட்டும் உண்மையாகவே சுத்தமாக்குங்கள். நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இயன்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த அறைக் கதவைப் பூட்டிவிடுங்கள். பூனை கதவடியில் நின்று கத்தும். மூன்றாம் நாள் வேறு இடம் தேடிக்கொள்ளும். சுத்தம் செய்வதை விருந்தாளி வருவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். கூட்டும்போது கிளம்புவது திரும்ப அடங்க நேரம் எடுக்கும். வரும் நாளில் தும்புத்தடியை எடுப்பது, படிந்திருந்ததையெல்லாம் காற்றில் ஏற்றிவிட்டு ஆளை உள்ளே கூப்பிடுவது போன்றது. நான் செய்தது அதுதான். உலர்ந்த தும்புத்தடியை விட்டுவிட்டு ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள்: அலுமாரியின் மேற்தட்டு, யன்னல் கம்பி, கட்டில் சட்டம், கடைசியாகத் தரை. நம் வீடுகளின் சீமெந்துத் தரையும் டைல்ஸும் இந்த விஷயத்தில் பெரிய உதவி. கார்பெட் இருந்தால் சுருட்டி வெளியே வையுங்கள். தூசு உறிஞ்சும் இயந்திரம் பாவிப்பவர்கள் அதில் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது முன்னால் உறிஞ்சிய நுண்துகளைப் பின்னால் ஊதிவிடும்.

மேலே சுழலும் ஃபேனை மறந்துவிடாதீர்கள். ஒரு பழைய தலையணை உறையை ஃபேன் இறக்கைக்கு மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து மெல்ல இழுங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தடித்த தூசு அப்படியே உறைக்குள் விழும். எங்கள் ஃபேனில் மூன்று இறக்கைக்கு ஒரு கைப்பிடி அளவு வந்தது. அதற்குக் கீழேதான் அன்று அவளைப் படுக்க விட்டிருந்தேன்.

அடுத்தது நுளம்பு வலை. நாம் வலையைத் துவைப்பது குறைவு, அது தூசை வடித்துப் பிடித்துக்கொண்டு விருந்தாளியின் முகத்துக்கு மேலேயே தொங்கும். வலை, திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் துவையுங்கள். துணி தாங்குமானால் 60 பாகை வெந்நீர் நல்லது. துவைத்த பிறகு எங்கே காயப்போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பிளாட் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக் கூடையில் போட்டு, மடிக்கலாம் என்று திரும்பினால் மினு அதற்குள் சுருண்டு படுத்திருக்கும். சூடான துணியென்றால் பூனைக்குச் சொர்க்கம். காய்ந்தவுடனே பையில் போட்டுக் கட்டி வைத்து, ஆள் வந்த பிறகு விரியுங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள்.

இலவம்பஞ்சைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பின் ஈரக்காற்றில் தூசுச் சிற்றுண்ணிகள் நன்றாகப் பெருகும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நாம் உதிர்க்கும் தோலைத் தின்கின்றன. அவற்றின் கழிவும் பலருக்கு அலர்ஜிதான். குளிர்நாட்டிலிருந்து வருபவர் இங்கே தும்மத் தொடங்கினால் எல்லாப் பழியையும் பூனை மேல் போட முடியாது. எது என்று உறுதியாகத் தெரிய வைத்தியர் செய்யும் தோல் குத்துப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன துடைப்பும் துவைப்பும் இரண்டுக்கும் உதவும்.

ஏசி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. வீடுகளில் சுவரில் பூட்டும் சாதாரண ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதன் வலைத்தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். மழையில்லாத நேரம் யன்னலைத் திறந்து கடற்காற்றை உள்ளே விடுங்கள், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அதற்குக் குறைவில்லை. ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிப்பதுதான் அந்த வடிகட்டிக்கான அளவுகோல். ஆனால் காற்றில் மிதப்பதைத்தான் அது பிடிக்கும், மெத்தையில் படிந்ததை ஒன்றும் செய்யாது. வீட்டில் இருந்தால் வையுங்கள், இதற்காகக் கடன்பட்டு வாங்க வேண்டாம்.

சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புச் சுருள், வாசனை ஸ்பிரே எதுவும் அந்த இரண்டு நாளும் வேண்டாம். வாடையைப் போக்குகிறோம் என்று நினைக்கிறோம். ஏற்கெனவே வீங்கியிருக்கும் சுவாசக்குழாய்க்குப் புகை இன்னொரு அடி. சாமி அறையில் விளக்கு மட்டும் போதும், சுவாமி கோபிக்க மாட்டார்.

ஹோலில் இருக்கும்போது

பகல் முழுவதும் அறைக்குள் அடைந்திருக்க யாராலும் முடியாது. ஹோலில் பூனை படுக்கும் செற்றியில் விருந்தாளியை இருத்தாமல், பிரம்புக் கதிரையோ மரக்கதிரையோ துடைத்து யன்னல் பக்கம் போடுங்கள். அவர்களின் சூட்கேஸ் மூடியே இருக்கட்டும், திறந்த சூட்கேஸுக்குள் ஏறிப் படுக்காத பூனையை நான் பார்த்ததில்லை. உங்கள் உடுப்பையும் யோசியுங்கள். காலையில் பூனையை மடியில் வைத்திருந்த அதே சட்டையோடு வாசலில் போய்க் கட்டியணைத்தால், புரதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். மாற்றிக்கொண்டு போங்கள். அறையில் படுக்கை விரிக்கும்போதும் அப்படித்தான். பிள்ளைகள் ஆசையில் பூனையைத் தடவினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், கண்ணைக் கசக்க வேண்டாம்.

பூனையைக் குளிக்க வார்ப்பது பெரிய பலன் தராது. புரதம் சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும், பூனையும் வெருண்டுபோகும். நாய்க்குக் குளிப்பு ஓரளவு பயன் தரும், ஆனால் வாரத்துக்கு இரண்டு தரமாவது வார்க்க வேண்டும். தெஹிவளையில் முற்றத்தோடு வீடுள்ள என் சிநேகிதி விருந்தாளிகள் வரும்போது நாய்களுக்கு விறாந்தையில் இடம் ஒதுக்கி, நிழலும் தண்ணீரும் வைத்து, இரவில் தானும் கொஞ்ச நேரம் அவற்றோடு இருந்துவிட்டு வருவாள். விருந்தாளிக்காக நாயை வெயிலில் கட்டிப்போடுவதோ, பூனையைக் கம்பியில்லாத உயர்மாடி பால்கனியில் பூட்டிவைப்பதோ தயவுசெய்து வேண்டாம். வாயில்லாச் சீவன்கள், அவையும் நம் வீட்டு ஆட்கள்தான்.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு

உண்மையில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "எங்கட வீட்டில பூனை ஒண்டு இருக்கு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ?" பலர் நாம் மனவருத்தப்படுவோம் என்று வாய்திறக்க மாட்டார்கள். நாம் கேட்டால் அவர்களுக்குச் சொல்வது சுலபம். தும்மலோடு நிற்குமா, நெஞ்சு இழுக்குமா என்று கேளுங்கள். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர் என்றால் விஷயம் பாரதூரமானது. முன்கூட்டிக் கேட்பதில் இன்னொரு நன்மை, மருந்துக்கு நேரம் கிடைக்கும். மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொய்ட் ஸ்பிரே முழுப்பலன் தர ஒன்று இரண்டு வாரம் எடுக்கும், வந்திறங்கிய பிறகு தொடங்கினால் பிந்திவிடும். அலர்ஜிக் குளிசைகளில் செட்ரிசின், லொராட்டடின் போன்றவை தூக்கக் கலக்கம் குறைவாகத் தருபவை, நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் பிரிட்டன் (Piriton) குளிசை நன்றாகத் தூங்க வைக்கும். எதை எடுப்பது என்பதை அவர்களுடைய வைத்தியர் சொல்லட்டும். நம் வீட்டுக் குளிசைப் பெட்டியைத் திறந்து நீட்ட வேண்டாம்.

பம்ப் சூட்கேஸின் அடியில் கிடக்காமல் தலைமாட்டில் இருக்க வேண்டும். பம்ப் அடித்தும் குறையாவிட்டால், ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், 1990க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ். விடியட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

சிலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, நான் ஹோட்டலில் தங்கிறன்" என்பார்கள். வீடிருக்க ஹோட்டலிலா என்று நமக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் அம்மாவுக்கு அது மானப்பிரச்சினையே. ஆனால் கடும் முட்டு உள்ளவருக்கு அதுதான் சரியான முடிவு. படுக்கை அங்கே இருக்கட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரட்டும், பின்னேரம் காலிமுகத்திடலில் இருந்து கதைக்கலாம்.

என் தங்கை ஜனவரியில் திரும்பவும் வந்தாள். இந்தமுறை மினு எங்கேயும் போகவில்லை, பின்னறைக் கதவு மட்டும் இரண்டு வாரமாகப் பூட்டிக் கிடந்தது. அவளும் ஊரில் வைத்தியரைக் கண்டு, மூக்கு ஸ்பிரேயை முன்னமே தொடங்கியிருந்தாள். ஹோலில் நாலைந்து தரம் தும்மினாள், ஒரு கண் சிவந்தது. இரவு இரண்டு மணிக்கு நான் விழித்துக்கொண்டு கதவடியில் போய் நின்று கேட்டேன். ஃபேன் சத்தம் மட்டும்தான். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பிரம்புக் கதிரையில் இருந்தவளிடம் நித்திரை வந்ததா என்று கேட்டேன்.

"ஆறரைக்குத்தான் அக்கா எழும்பினன்" என்றாள்.